ஒரு தயக்கத்தில் பிறந்த மருந்து

1936ஆம் ஆண்டு. பாரிஸில் 26 வயது இளைஞர் ஒருவர் முன்னால் இரண்டு பயணங்கள் இருந்தன. முதலாவது கிரீன்லாந்துக்கு. துருவப் பயணங்களால் பிரான்ஸ் முழுவதும் பெயர் பெற்றிருந்த ஷார்கோவின் 'பூர்க்குவா பா' கப்பல் மறுபடி வடக்கே கிளம்பிக்கொண்டிருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு அதே கப்பலில் போய்வந்தவர் அந்த இளைஞர். இரண்டாவது பயணம் கலிபோர்னியாவுக்கு. அங்கே தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வுக்கூடத்தில் மரபியல் கற்று வரலாம் என்று போரிஸ் எஃப்ரூசி என்ற ஆய்வாளர் வற்புறுத்தினார். கடலா, பழ ஈயா? கடைசியில் பழ ஈ வென்றது. செப்டம்பர் 16 அன்று ஐஸ்லாந்துக் கரையோரம் அடித்த புயலில் 'பூர்க்குவா பா' பாறையில் மோதி உடைந்தது. ஷார்கோ உட்பட எல்லோரும் மூழ்கினார்கள். ஒரே ஒருவர்தான் உயிரோடு கரை சேர்ந்தார்.

கப்பலில் ஏறாமல் தப்பித்த இளைஞரின் பெயர் ஜாக் மோனோ. தப்பிய உயிரை அவர் உடனே அறிவியலுக்கு ஒப்படைத்துவிடவில்லை. செலோ வாசிப்பார். பாக் இசையைப் பாடுவதற்கென்றே பாரிஸில் ஒரு குழுவை நடத்தினார். கலிபோர்னியாவிலும் ஈக்களைவிட இசைதான் அவரை இழுத்தது. முப்பது வயதை நெருங்கும்போதும் இசையா, ஆய்வா என்பது முடிவாகியிருக்கவில்லை. சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளும் யாரையும் கவரக்கூடியது அல்ல: பாக்டீரியாக்கள் என்ன வேகத்தில் பெருகுகின்றன? 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. நகரம் ஊமையானது. மோனோவின் குடுவைகளில் மட்டும் வேலை நிற்கவில்லை.

செய்முறை எளிது. உப்புகள் கரைத்த தெளிந்த நீரில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து ஈ.கோலி பாக்டீரியாவை விடுவார். அவை பெருகப் பெருக நீர் கலங்கும். கலங்கலை அளந்து வரைபடத்தில் புள்ளி வைப்பார். சர்க்கரை இருக்கும்வரை கோடு ஏறும், தீர்ந்ததும் படுத்துவிடும். ஒவ்வொரு சர்க்கரையாக வைத்துப் பார்த்தவர், அடுத்தபடியாக இரண்டிரண்டு சர்க்கரைகளைக் கலந்து பார்த்தார். சில ஜோடிகளில் வழக்கமான கோடுதான் வந்தது. குளுக்கோஸும் பாலில் உள்ள லாக்டோஸும் சேர்ந்த ஜோடியில் கோடு ஏறியது, திடீரென்று நின்றது, வெகுநேரம் அசையாமல் கிடந்தது, பிறகு தானாகவே மறுபடி ஏறத் தொடங்கியது. ஒரு மேட்டுக்குப் பதில் இரண்டு மேடுகள், நடுவே ஒரு சமதளம்.

குளுக்கோஸ் செல்லுக்கு நேரடி உணவு. லாக்டோஸை உடைத்துத்தான் உண்ண வேண்டும். உடைப்பதற்கு ஒரு நொதி வேண்டும். ஆக்கிய சோறு பானையில் இருக்கும்போது யாரும் உலை வைப்பதில்லை. பாக்டீரியாவும் குளுக்கோஸைத் தின்று தீர்த்த பிறகே லாக்டோஸின் பக்கம் திரும்பியது. இதெல்லாம் இன்று சொல்வது. 1940இல் மோனோவுக்கு அந்தச் சமதளம் ஏன் வந்தது என்று விளங்கவே இல்லை. டிசம்பரில் வரைபடத்தை எடுத்துக்கொண்டு பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஆந்த்ரே லுவோஃபிடம் போனார். லுவோஃப் பார்த்துவிட்டு, 'நொதித் தகவமைப்பு' என்று சிலர் சொல்லும் விஷயத்தோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்றார். அப்படி ஒன்றை மோனோ கேள்விப்பட்டதே இல்லை. அன்று வீடு திரும்பியவரின் பையில் படிப்பதற்குச் சில கட்டுரைகளும், மனதில் அடுத்த இருபது வருடங்களுக்கான கேள்வியும் இருந்தன.

கேள்வி இதுதான். லாக்டோஸை உடைக்கும் நொதியைச் செய்யும் திறமை பாக்டீரியாவுக்கு எப்போதும் இருக்கிறது. லாக்டோஸ் இல்லாதபோது அதைச் செய்வதில்லை, வந்ததும் செய்கிறது. மூளையும் கண்ணும் இல்லாத, ஒரே ஒரு செல்லாலான உயிருக்கு 'இப்போது செய், இப்போது நிறுத்து' என்று யார் சொல்கிறார்கள்? மனித உடலிலும் இதே புதிர் பெரிய அளவில் நிற்கிறது. கண்ணில் இருக்கும் செல்லும் ஈரலில் இருக்கும் செல்லும் ஒரே கருவிலிருந்து, ஒரே மரபணுத் தொகுப்போடு வந்தவை. ஒன்று கண்ணாகவும் மற்றொன்று ஈரலாகவும் ஆவதற்குக் காரணம், எந்த மரபணு பேச வேண்டும், எது வாய் மூடியிருக்க வேண்டும் என்பதை எங்கோ எதுவோ தீர்மானிப்பதுதான். அந்த 'எதுவோ' என்ன?

1941இல் மோனோ பட்டம் பெற்றார். சோர்போனில் யாரும் அந்த ஆய்வைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் அதற்கு மேல் குடுவைகளோடு இருக்க நேரமில்லை. அவருடைய மனைவி ஓடெட் யூதர். நாஜிகளுக்கு எதிரான தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்த மோனோ, படிப்படியாக அதன் ராணுவப் பிரிவின் முக்கியப் பொறுப்பாளர்களில் ஒருவரானார். ஆய்வறைக்கு வெளியே ஓர் ஒட்டகச்சிவிங்கியின் எலும்புக்கூடு நின்றது. ரகசியக் காகிதங்களை அதன் கால் எலும்புகளின் பொந்துக்குள் ஒளித்துவைத்தார். பிறகு சோர்போனுக்குப் போவதே ஆபத்தானபோது, லுவோஃப் தன் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஒரு மூலையை ஒதுக்கிக்கொடுத்தார். உடன் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டுக்கொண்டிருந்தார்கள்.

மோனோ பிடிபடவில்லை. பாரிஸ் விடுதலையானதும் பிரெஞ்சு ராணுவத்தில் அதிகாரியானார். அந்த நாட்களில் அமெரிக்க ராணுவத்தின் நடமாடும் நூலக வண்டி ஒன்றில் ஏறியவர் கையில், எப்படியோ அதற்குள் வந்து சேர்ந்திருந்த மரபியல் ஆய்விதழ்கள் கிடைத்தன. பாக்டீரியாக்களுக்கும் மரபணு மாற்றங்கள் உண்டு என்று லூரியாவும் டெல்புருக்கும் நிரூபித்த கட்டுரை அவற்றில் இருந்தது. மரபணுவின் பொருளே டிஎன்ஏதான் என்று காட்டிய ஏவரியின் ஆய்வையும் அந்தக் காலத்தில்தான் படித்தார். போர்க்காலத்தில் பிரான்ஸுக்கு எட்டாமலே போயிருந்த செய்திகள் இவை. நொதியின் கதையை மரபணுவின் வழியாகத்தான் பிடிக்க முடியும் என்று அவருக்குப் பொறிதட்டியது. 1945இல் பாஸ்டர் நிறுவனத்தில், மாடிக்கும் மேலே கூரையடியில் இருந்த லுவோஃபின் பிரிவில் சேர்ந்தார். ஆனால் மரபணுவைக் கையாளத் தெரிந்த ஒருவர் அவருக்கு வேண்டியிருந்தது. அப்படி வரப்போகிறவர் அப்போது மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார்.

பிரான்சுவா ஜாகோப் அறுவை மருத்துவராக ஆசைப்பட்டவர். 1940 ஜூனில், இருபதாவது வயதில், மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலேறி லண்டன் போய் தெகோலின் படையில் சேர்ந்தார். ஆப்பிரிக்கப் பாலைவனங்களில் மருத்துவப் பணி. 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் விழுந்த குண்டு அவர் உடலைத் துளைத்தது. கையும் காலும் சிதைந்தன. பல மாதச் சிகிச்சைக்குப் பிறகு எழுந்தார். அறுவைக் கத்தியைப் பிடிக்கும் கை திரும்பவில்லை. எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, முப்பது வயதில் லுவோஃபிடம் வந்து இடம் கேட்டார். இடமில்லை என்றார் லுவோஃப். ஜாகோப் திரும்பத் திரும்ப வந்தார். அதே பதில் வந்தது. 1950 ஜூனில் கடைசி முயற்சியாகப் போன அன்று லுவோஃப் உற்சாகத்தில் இருந்தார். "புரோஃபேஜைத் தூண்டி எழுப்பும் வழியைக் கண்டுபிடித்துவிட்டோம், அதில் வேலை செய்ய விருப்பமா?" என்ற பொருளில் கேட்டார். அதைத்தான் செய்ய ஆசை என்று சொல்லிவிட்டு வெளியே வந்த ஜாகோப், புரோஃபேஜ் என்றால் என்ன என்று அறிய அகராதியைத் தேடிப் போனார். அகராதியில் அந்தச் சொல்லே இல்லை.

ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். சில ஃபேஜ்கள் உள்ளே நுழைந்ததும் கொல்வதில்லை. பாக்டீரியாவின் டிஎன்ஏயோடு ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தூங்குகின்றன. அந்தத் தூங்கும் நிலைதான் புரோஃபேஜ். புற ஊதாக் கதிர் பட்டால் விழித்து, பெருகி, செல்லைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. கூரையடித் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் ஜாகோப் இந்த வைரஸின் தூக்கத்தை ஆராய்ந்தார். மறுகோடியில் மோனோ லாக்டோஸ் நொதியை ஆராய்ந்தார். நடுவில் சில அடிகள்தான். இரண்டும் ஒரே கேள்வி என்பது இருவருக்கும் தெரியவில்லை.

ஜாகோப் இதற்கிடையில் ஒரு கருவியைக் கைவசப்படுத்தினார். பாக்டீரியாக்களில் 'ஆண்' தன் டிஎன்ஏயை நூல் போல மெல்ல மெல்லப் 'பெண்'ணுக்குள் செலுத்தும். எலி வோல்மானும் அவரும் சமையலறை மிக்ஸி ஒன்றில் அந்த ஜோடிகளை வெவ்வேறு நிமிடங்களில் சுழற்றிப் பிரித்தார்கள். எத்தனையாவது நிமிடத்தில் எந்த மரபணு உள்ளே போகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. ஒரு மரபணுவைக் குறித்த நேரத்தில் ஒரு செல்லுக்குள் அனுப்பிவைக்கும் வழி கிடைத்துவிட்டது. மோனோவிடமோ விசித்திரமான ஒரு பாக்டீரியா வகை இருந்தது. லாக்டோஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தாமல் நொதியைச் செய்துகொண்டே இருக்கும் வகை. அதில் நொதியின் மரபணு நன்றாகவே இருந்தது. பக்கத்தில் இருந்த வேறொரு மரபணு பழுதாகியிருந்தது. அந்தப் பக்கத்து மரபணுவுக்கு என்ன வேலை என்பதில்தான் மர்மம் முழுவதும் அடங்கியிருந்தது.

மோனோ ஒரு பதிலை வைத்திருந்தார். பழுதான செல் தனக்குத்தானே ஒரு தூண்டுபொருளைச் செய்துகொள்கிறது, அதனால்தான் நொதி ஓயாமல் சுரக்கிறது என்று நம்பினார். 1957 செப்டம்பரில் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து ஆர்தர் பார்டி ஒரு வருட விடுப்பில் பாரிஸ் வந்து சேர்ந்தார். பார்டி, ஜாகோப், மோனோ மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, 'பஜாமா' என்று ஆய்வாளர்கள் இன்றும் செல்லமாக அழைக்கும் சோதனையை மூவரும் செய்தார்கள். இரண்டு மரபணுக்களும் பழுதான பெண் பாக்டீரியாவுக்குள், இரண்டும் நன்றாக உள்ள ஆண் பாக்டீரியாவின் டிஎன்ஏயை அனுப்பினார்கள். குடுவையில் லாக்டோஸ் கிடையாது. மோனோவின் கணக்குச் சரியென்றால் நொதி உண்டாகத் தொடங்கி, நிற்காமல் தொடர வேண்டும்.

சில நிமிடங்களிலேயே நொதி உண்டாகத் தொடங்கியது. மோனோவுக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதும் உற்பத்தி தளர்ந்து நின்றுபோனது. லாக்டோஸ் மாதிரியான தூண்டுபொருள் ஒன்றை ஊற்றினால் மறுபடி ஓடியது. இதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும். புதிதாக உள்ளே வந்த பக்கத்து மரபணு மெல்ல மெல்ல ஏதோ ஒரு பொருளைச் செய்து சேர்த்திருக்கிறது. அந்தப் பொருள் நொதியின் மரபணுவை அடக்கியிருக்கிறது. லாக்டோஸ் எதையும் தூண்டவில்லை. அது அடக்குபவரை அடக்குகிறது, அவ்வளவுதான். அணுகுண்டு ஆராய்ச்சிக்கு வித்திட்ட இயற்பியலாளர் லியோ சிலார்ட் அந்த நாட்களில் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து இதே கருத்தை வாதாடிவிட்டுப் போயிருந்தார். இரண்டு மறுப்புகள் சேர்ந்தால் உடன்பாடு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த தர்க்கம். மோனோவும் சகா மெல்வின் கோனும் முன்பு அதை வெறும் விளையாட்டு வாதமாகப் பேசி ஒதுக்கியிருந்தார்கள். அந்த விளையாட்டு வாதம்தான் உண்மையாகிவிட்டது. அப்படியானால் அடக்கி எதன் மேல் உட்கார்ந்து அடக்குகிறது?

1958 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் ஆற்ற வேண்டிய உரையை எழுத உட்கார்ந்த ஜாகோபுக்கு ஒரு வரியும் ஓடவில்லை. மனைவி லீஸோடு சினிமாவுக்குப் போனார். படத்தில் மனம் ஒட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். இருட்டில், தாழ்வாரத்தின் இரண்டு கோடிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. தூங்கும் வைரஸை ஏதோ ஒன்று அடக்கி வைத்திருக்கிறது. லாக்டோஸ் நொதியையும் ஏதோ ஒன்று அடக்கி வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே சூட்சுமம். வைரஸில் ஒரே அடக்கி பல மரபணுக்களை ஒரே நேரத்தில் நிறுத்துகிறது; அது நேராக டிஎன்ஏயின் மேல்தான் உட்கார முடியும். மரபணுவுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. முக்கியமான ஒன்று தோன்றியிருக்கிறது என்று அப்போதே மனைவியிடம் சொன்னார். எழுந்து ஓடிப் போய்ச் சொல்ல மோனோ ஊரில் இல்லை.

விடுமுறை முடிந்து திரும்பிய மோனோ முதலில் ஏற்கவில்லை. நொதி உற்பத்தி கூடவும் குறையவும் பல வேகங்களில் நடப்பதை அவர் வருடக்கணக்காக அளந்தவர். ஏற்றி நிறுத்தினால் முழுதாக ஓடும், இறக்கினால் முழுதாக நிற்கும் என்ற ஸ்விட்ச் அதை எப்படி விளக்கும்? விடையை ஜாகோபுக்கு அவர் மகன் தந்தான். சிறுவன் மின்சார ரயில் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் அதில் இல்லை. ஸ்விட்ச்சை வேகமாகப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, ரயிலை அவன் விரும்பிய வேகத்தில் ஓட்டினான். அடக்கியும் டிஎன்ஏயின் மேல் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து இருந்தால் எந்த வேகமும் சாத்தியம். மோனோ இறங்கிவந்தார். அதன் பிறகு அந்தக் கருத்துக்கு அவரைவிடப் பெரிய வக்கீல் யாரும் இல்லை.

ஸ்விட்ச் டிஎன்ஏயில் இருக்கிறது என்றால் அந்த இடமே பழுதான பாக்டீரியாவும் எங்காவது இருக்க வேண்டும். அடக்கி இருந்தும் உட்கார இடமில்லாத பாக்டீரியா. தேடினார்கள், கிடைத்தது. அந்த இடத்துக்கு 'ஆபரேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். அது தன் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மரபணுக்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து மூடுகிறது. அந்தத் தொகுதிக்கு 1960இல் 'ஓபெரான்' என்று பெயர் சூட்டினார்கள். இன்று பள்ளி உயிரியல் புத்தகத்தில் லாக் ஓபெரானைக் கால்பக்கப் படமாக மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்கு, அதற்குள் மூழ்கிய கப்பலும் ஒட்டகச்சிவிங்கியின் காலும் இருப்பதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் அந்தப் படம் மறக்கவே மறக்காது.

இன்னொரு முடிச்சும் இதோடு சேர்ந்து அவிழ்ந்தது. மரபணு உள்ளே போன சில நிமிடங்களில் நொதி உண்டாகிறது என்றால், டிஎன்ஏயிலிருந்து செய்தியை எடுத்துச் சென்று சீக்கிரமே அழிந்துபோகும் ஒரு தூதன் இருக்க வேண்டும். 1960இன் புனித வெள்ளியன்று கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் அறையில் ஜாகோப் இதைப் பேசப்போக, பிரென்னரும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஜூனில் கலிபோர்னியாவில் மாத்யூ மெசல்சனின் ஆய்வுக்கூடத்தில் ஜாகோபும் பிரென்னரும் அதை நிரூபிக்க முயன்றார்கள். ஒவ்வொரு முறையும், செல்லில் புரதம் கட்டும் ரைபோசோம்கள் சிதறிப்போயின. ஊர் திரும்பும் நாள் நெருங்கியது. மனம் வெறுத்துக் கடற்கரையில் படுத்திருந்தபோது பிரென்னர் துள்ளி எழுந்தார். மக்னீசியம்! சோதனையில் சேர்க்கும் சீசியம் உப்பு, ரைபோசோமைக் கட்டிவைத்திருக்கும் மக்னீசியத்தை விரட்டிவிடுகிறது. ஓடிப்போய் மக்னீசியத்தைக் கூட்டினார்கள். தூதன் சிக்கினான். கோவிட் தடுப்பூசி வழியாக உலகமே பெயர் தெரிந்துகொண்ட எம்ஆர்என்ஏதான் அது.

1965இல் லுவோஃப், ஜாகோப், மோனோ மூவருக்கும் நோபல் பரிசு வந்தது. ஆனாலும் ஒரு சங்கடம் மிச்சமிருந்தது. கதையின் நாயகனான அடக்கியை அதுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

அது புரதமா, ஆர்என்ஏயா என்பதுகூட உறுதியாகத் தெரியவில்லை. அப்படி ஒன்றே கிடையாது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட் தேடத் துணிந்தார். இவர் அடிப்படையில் இயற்பியலாளர். அப்துஸ் சலாமிடம் முனைவர் பட்டம் பெற்றவர். கூட்டாளி ஜெர்மன் வேதியியலாளர் பென்னோ முல்லர்ஹில். சிக்கல் என்னவென்றால், ஒரு செல்லில் அடக்கி பத்து மூலக்கூறு அளவுக்குத்தான் இருக்கிறது. லாக்டோஸ் போலவே நடிக்கும் கந்தகம் சேர்ந்த ஒரு செயற்கைப் பொருளுக்குக் கதிரியக்க அடையாளம் வைத்து, அது எதோடு ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்தார்கள். சாதாரண பாக்டீரியாவில் எதுவும் தெரியவில்லை. பிறகு, அந்தப் பொருளை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் ஒரு மாறிய பாக்டீரியா வகையைத் தேடி எடுத்தார்கள். அதில் அளவுகள் லேசாக, மிக லேசாக அசைந்தன. 1966 இறுதியில் அறிவிப்பு வந்தது: அடக்கி ஒரு புரதம். அதே கட்டடத்தில் மார்க் டாஷ்னி சில மாதங்களில் வைரஸைத் தூங்கவைக்கும் அடக்கியையும் பிடித்தார். சினிமாக் கொட்டகையில் ஜாகோப் கண்டது சரிதான். குளுக்கோஸின் பங்கும் பின்னால் தெளிவானது: அது இருக்கும்வரை லாக்டோஸை உள்ளே வரவே விடுவதில்லை, ஓபெரானை வேகப்படுத்தும் வேறொரு சமிக்ஞையையும் தணித்துவிடுகிறது. மோனோவின் சமதளத்துக்கு முழு விளக்கம் கிடைத்துவிட்டது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியாமல் போனதற்குக் காரணம், லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே டுவார்ட்டே என்ற ஊரில் 'சிட்டி ஆஃப் ஹோப்' மருத்துவ ஆய்வு மையத்தில் இருந்த ஆர்தர் ரிக்ஸ். அடக்கி டிஎன்ஏயின் மேல் எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்று அளப்பதில் வல்லவர். அங்கு வந்து சேர்ந்த ஜப்பானிய வேதியியலாளர் கெயிச்சி இடகுரா டிஎன்ஏயை எழுத்து எழுத்தாக வேதிமுறையில் கட்டத் தெரிந்தவர். இடகுரா சோதனைக் குழாயில் செயற்கையாகக் கட்டிய ஆபரேட்டரை, சான்பிரான்சிஸ்கோவில் ஹெர்பர்ட் போயரின் குழு பாக்டீரியாவுக்குள் வைத்துப் பார்த்தது. 1976இல் முடிவு வந்தது: மனிதன் செய்த ஆபரேட்டரின் மேல் அடக்கி வந்து உட்கார்ந்தது. பாக்டீரியாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த வருடம் மே 31 அன்று மோனோ கான் நகரில் காலமானார். இரண்டு மாதங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான் போயர் ஒரு கம்பெனியைத் தொடங்கியிருந்தார்.

வேலையில்லாமல் இருந்த ராபர்ட் ஸ்வான்சன் என்ற இளம் முதலீட்டு ஆலோசகர் போயரைச் சந்திக்கக் கேட்டபோது, சில நிமிடங்கள்தான் தர முடியும் என்றார் போயர். பேச்சு மூன்று மணி நேரம் நீண்டது. ஆளுக்கு 500 டாலர் போட்டு ஜெனென்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஸ்வான்சனின் கண் ஒரே ஒரு பொருளின் மேல் இருந்தது. அரை நூற்றாண்டாக உலகம் அதைக் கசாப்புக்கூடங்களிலிருந்து பெற்றுவந்தது. வெட்டிய பன்றிகள், மாடுகளின் கணையத்தைச் சேகரித்து, அரைத்து, வடித்து எடுக்க வேண்டும். 8 அவுன்ஸ் மருந்துக்கு 2 டன் உறுப்புகள். சிலருக்கு ஒவ்வாமை தந்தது. நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். கணையம் ஒரு நாள் போதாமல் போகலாம் என்ற கவலை இருந்தது. அந்தப் பொருள், இன்று எத்தனையோ வீடுகளில் ஃபிரிட்ஜின் கதவில் முட்டைக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்தில் நிற்கும் சின்னக் கண்ணாடிப் புட்டி. இன்சுலின்.

மனித இன்சுலினைச் செய்யும் மரபணுவைக் கட்டி, பாக்டீரியாவுக்குள் வைத்துவிடலாம். ஆனால் பாக்டீரியா அதை ஏன் படிக்க வேண்டும்? வெறும் மரபணு பேசாத மரபணு. அதன் முன்னால் பாக்டீரியாவுக்குப் புரியும் ஒரு ஸ்விட்ச் வேண்டும். உலகம் மிக நன்றாக அறிந்த ஸ்விட்ச் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: லாக்டோஸ் ஓபெரான். அது ரிக்ஸுக்கும் இடகுராவுக்கும் உள்ளங்கையில் இருந்தது. இன்சுலினுக்கு 51 அமினோ அமிலங்கள். முதலில் 14 மட்டுமே கொண்ட சொமட்டோஸ்டேடின் என்ற சிறிய ஹார்மோனில் பழகிப் பார்ப்போம் என்றார்கள். இதற்கு அரசு ஆராய்ச்சி நிதி கேட்டு அவர்கள் அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஸ்வான்சன் பணம் தேடிக் கொடுத்தார்.

1977 ஜூன். ஓபெரானுக்குப் பின்னால் ஹார்மோன் மரபணுவை வைத்த பாக்டீரியாக்கள் தயார். ரிக்ஸ் அளந்தார். ஒன்றுமில்லை. மறுபடி அளந்தார். ஒன்றுமே இல்லை. தேடித் திரட்டிய பணமும் கனவும் கரைவதைப் பார்த்த ஸ்வான்சன் உடல்நிலை கெட்டு மருத்துவமனைக்குப் போனார்.

ஸ்விட்ச் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. குட்டி ஹார்மோனை அந்நியக் குப்பை என்று நினைத்து, உண்டாக உண்டாக பாக்டீரியாவே தின்றுகொண்டிருந்தது. அதை எதற்குள்ளாவது ஒளித்துவைக்க வேண்டும். லாக்டோஸை உடைக்கும் அந்தப் பழைய நொதி, பீட்டா கேலக்டோசிடேஸ், ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட ராட்சசப் புரதம். அதன் வால் நுனியில் ஹார்மோனை ஒட்டவைத்தார்கள். பாக்டீரியா தன் சொந்த நொதி என்று நம்பித் தொடாமல் விட்டது. பிறகு சயனோஜன் புரோமைடு என்ற வேதிப்பொருளால் ஹார்மோனை மட்டும் நறுக்கி எடுத்தார்கள். மோனோ பதினைந்து வருடங்களுக்கு மேல் துரத்திய நொதியே கவசமாக வந்து நின்றதை, இந்தக் கதையின் மிக அழகான திருப்பம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் ரிக்ஸின் கருவி அசைந்தது. முன்பு சில மில்லிகிராம் பிரித்தெடுக்க லட்சக்கணக்கான ஆட்டு மூளைகள் தேவைப்பட்ட ஹார்மோன், ஒரு குடுவையிலிருந்து வந்தது.

அடுத்தது இன்சுலின். இந்தப் பந்தயத்தில் எதிரணியில் ஓடியவர் வேறு யாருமல்ல, அடக்கியைப் பிடித்த வால்டர் கில்பர்ட். அவர் வழி வேறு. செயற்கையாகக் கட்டாமல், செல்லிலிருந்தே மனித மரபணுவின் நகலை எடுப்பது. மனித மரபணுவைப் பாக்டீரியாவில் வைப்பதற்கு அமெரிக்காவில் அப்போது கடும் கட்டுப்பாடுகள். ஹார்வர்ட் இருந்த கேம்பிரிட்ஜ் நகராட்சி இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஒரு பகுதிக்குச் சில மாதங்கள் தடையே போட்டிருந்தது. கில்பர்ட் தன் குழுவோடு 1978 செப்டம்பரில் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வுக்கூடத்துக்குப் பறந்தார். உள்ளே போக, வெளியே வர உடை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் கிருமிநாசினியில் முக்க வேண்டும். வாரக்கணக்கில் உழைத்து எடுத்ததைப் படித்துப் பார்த்தால், அது எலியின் இன்சுலின் மரபணு. எங்கோ கலப்படம் நேர்ந்துவிட்டது.

ஜெனென்டெக் கட்டியது வேதிமுறை மரபணு. அந்தக் கட்டுப்பாடுகள் அதைத் தொடவில்லை. இன்சுலினின் இரண்டு சங்கிலிகளையும் தனித்தனி பாக்டீரியாக்களில், லாக்டோஸ் ஸ்விட்ச்சின் பின்னால், அதே ராட்சச நொதியின் வாலில் வைத்து வளர்த்தார்கள். டேவிட் கோடெல் என்ற இளம் ஆய்வாளர் இரவு பகல் பாராமல் உழைத்தார். 1978 ஆகஸ்டில் இரண்டு சங்கிலிகளும் சோதனைக் குழாயில் பின்னிக்கொண்டு மனித இன்சுலினாயின. செப்டம்பர் 6 அன்று உலகத்துக்கு அறிவித்தார்கள். கில்பர்ட்டுக்கு இன்சுலின் கை நழுவியது. டிஎன்ஏயைப் படிக்கும் முறைக்காக 1980இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெருமளவில் தயாரிக்கும் பொறுப்பை எலி லில்லி நிறுவனம் ஏற்றது. ஆலைக்கு இன்னும் அதிக விளைச்சல் வேண்டியிருந்ததால், டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைக் கவனித்து நடக்கும் வேறொரு ஓபெரானின் ஸ்விட்ச்சுக்கு மாறினார்கள். அதுவும் அடக்கியால் நடக்கும் அதே குடும்பம்தான். 1980இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு முதல் ஊசிகள் போடப்பட்டன. 1982 மேயில் விண்ணப்பித்து, அக்டோபரில், ஐந்தே மாதங்களில், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி கிடைத்தது. 'ஹியூமுலின்' என்ற பெயரில் வந்த அந்தப் புட்டிதான், மரபணு மாற்றிய உயிரிகளால் செய்யப்பட்டு மனிதருக்கு அனுமதி பெற்ற முதல் மருந்து.